ரட்ஜ் வண்டியில் தொடங்கிய வாழ்க்கை
கோவை தந்த தொழில் மேதை ஜி.டி. நாயுடு

திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் நிலையத்தில் நாகர்கோவில் பஸ்ஸுக்காகக் காத்து நிற்பவர்கள் அடிக்கடி செய்யும் காரியம் ஒன்று உண்டு. பஸ் வரும் திசையை ஒரு முறை பார்ப்பார்கள். கைக்கடிகாரத்தை ஒரு முறை பார்ப்பார்கள். ஐந்து நிமிஷம் தாமதமானால் முணுமுணுப்பார்கள்.

பஸ் என்றால் சொன்ன நேரத்துக்குப் புறப்பட வேண்டும், சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது இன்று எல்லோரும் எதிர்பார்ப்பது. நூறு வருஷங்களுக்கு முன்பு அப்படி யாரும் எதிர்பார்த்ததில்லை. வண்டி நிறைந்தால் புறப்படும். வழியில் நின்றால் நிற்கும். பயணிகள் இறங்கித் தள்ளுவார்கள்.

அந்த நாளிலேயே பஸ் நிலையத்தில் கடிகாரம் வைத்து, நேரப்படி பஸ் ஓட்டிக் காட்டியவர் ஒரு தமிழ்நாட்டுக்காரர். மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்தில் நிலைக்காதவர். ஓட்டலில் பரிமாறும் வேலை பார்த்தவர். பிற்காலத்தில் ஒரு என்ஜினீயரிங் கல்லூரிக்கே முதல்வராக அமர்ந்தவர்.

அவர்தான் கோயமுத்தூர் ஜி.டி. நாயுடு. கோபால்சாமி துரைசாமி நாயுடு என்பது முழுப் பெயர்.

மணலை வீசிய மாணவன்

கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி துரைசாமி பிறந்தார். தகப்பனார் கோபால்சாமி நாயுடு விவசாயி. தாயாரைச் சிறு வயதிலேயே இழந்துவிட்டார்.

பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். படிப்பில் மனம் போகவில்லை. கண்டிக்க வந்த ஆசிரியரின் கண்ணில் மணலை அள்ளி வீசிவிட்டு ஓடிவிட்டான் சிறுவன் என்ற கதை கோவை வட்டாரத்தில் இன்றும் பேசப்படுகிறது. மூன்றாம் வகுப்போடு பள்ளி வாசம் முடிந்தது.

ஆனால் படிக்கும் பழக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. தோட்டத்து வேலை நேரம் போக, கையில் கிடைத்த தமிழ்ப் புத்தகங்களை எல்லாம் தாமாகவே படித்தார். யாரும் கட்டாயப்படுத்தாத படிப்பு அவருக்குப் பிடித்திருந்தது. இந்தக் குணம் கடைசி வரை அவரைவிட்டுப் போகவில்லை.

கிராமத்தில் வந்து நின்ற வண்டி

அவர் இளைஞராக இருந்தபோது ஒரு நாள் நடந்த சம்பவம் வாழ்க்கையின் திசையை மாற்றியது.

லங்காஷயர் என்ற வெள்ளைக்கார ரெவினியூ அதிகாரி அந்தப் பக்கம் ஒரு மோட்டார் சைக்கிளில் வந்தார். வழியில் வண்டி நின்றுவிட்டது. அவர் இறங்கி, வண்டியின் பக்கத்தில் உட்கார்ந்து எதையோ கழற்றினார், துடைத்தார், மாட்டினார். மண்ணெண்ணெய் வேண்டுமென்று கேட்டார். அதை ஓடிப் போய் வாங்கிவந்து கொடுத்தவர் துரைசாமி.

வண்டி உறுமியது. அதிகாரி ஏறி உட்கார்ந்தார். புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயே போய்விட்டார்.

மாட்டு வண்டியைத் தவிர வேறு வண்டியை அதிகம் பார்த்திராத கிராமம் அது. மாடும் இல்லை, குதிரையும் இல்லை, ஆளும் மிதிக்கவில்லை; வண்டி எப்படி ஓடுகிறது? இந்தக் கேள்வி துரைசாமியைத் தூங்கவிடவில்லை. வண்டியைச் சொந்தமாக வாங்கினால்தான் விடை கிடைக்கும் என்று முடிவு செய்தார். கையில் காசில்லை. ஊரைவிட்டுக் கிளம்பி, கோவைக்கு வந்து ஓர் ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்தார்.

ஓட்டல் சம்பளம்

இலை போட்டார். பரிமாறினார். சம்பளத்தில் செலவு போக மிஞ்சியதைச் சேர்த்து வைத்தார். ஒன்றல்ல, இரண்டல்ல, மூன்று வருஷங்கள் இப்படிப் போயின.

கேரளத்துக்குப் பிழைக்க வந்து, ஓட்டலிலும் கடையிலும் வேலை செய்து, மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியை ஊருக்கு அனுப்பிவிட்டு மிச்சத்தை எண்ணிப் பார்ப்பவர்களுக்கு இந்த மூன்று வருஷம் எவ்வளவு நீளம் என்பது தெரியும்.

பணம் சேர்ந்ததும் நேரே அந்த அதிகாரியிடம் போனார். 300 ரூபாய் கொடுத்து அதே வண்டியை வாங்கியதாக அவரது வாழ்க்கை வரலாறு சொல்கிறது. நிலபுலன் வாங்கலாம், மாடு வாங்கலாம் என்று சொல்பவர்கள் இருந்திருப்பார்கள். அவர் வாங்கியது ரட்ஜ் மோட்டார் சைக்கிள்.

ரட்ஜ் என்ற பெயர்

ரட்ஜ் சாதாரணக் கம்பெனி அல்ல. இங்கிலாந்தில் டான் ரட்ஜ் என்ற மதுக்கடைக்காரர் சைக்கிள் செய்யத் தொடங்கியதில் வந்த பெயர் அது. பிறகு விட்வொர்த் கம்பெனியோடு இணைந்து, காவென்ட்ரி நகரில் ரட்ஜ் விட்வொர்த் என்ற பெயரில் பெரிய தொழிற்சாலையாக வளர்ந்தது. 1911-இல் மோட்டார் சைக்கிள்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் மேன் தீவு என்று ஒரு சிறு தீவு இருக்கிறது. 1907 முதல் அங்கே நடக்கும் டூரிஸ்ட் டிராபி பந்தயம் மோட்டார் சைக்கிள் உலகில் மிகப் பெரிய பெயர் பெற்றது. மலைப் பாதையில் வளைந்து வளைந்து ஓட வேண்டிய பந்தயம். ஓட்டுகிறவரின் தைரியத்தையும் வண்டியின் உறுதியையும் ஒரே நேரத்தில் சோதிக்கும். 1914-இல் அதன் முதன்மைப் பிரிவில் சிரில் புல்லின் என்ற வீரர் ரட்ஜ் வண்டியை ஓட்டி வெற்றி பெற்றார்.

அந்தக் காலத்து ரட்ஜ் வண்டிகளில் 499 சி.சி. ஒற்றை சிலிண்டர் என்ஜின் இருந்தது. என்ஜினிலிருந்து பின் சக்கரத்துக்கு இன்றுள்ளது போல் சங்கிலி கிடையாது. பெல்ட்தான் சக்கரத்தை இழுத்தது. கூடவே ரட்ஜ் கம்பெனி ஒரு தந்திரமும் செய்திருந்தது. பெல்ட் ஓடும் கப்பியின் அகலத்தை ஒரு நெம்புகோலால் கூட்டியும் குறைத்தும் சுமார் இருபது விதமான வேகநிலைகளைப் பெறும்படி ஒரு வகை வண்டியைச் செய்தது. மேட்டில் ஏறும்போது ஒரு நிலை, சமதளத்தில் வேறொரு நிலை. மல்ட்டி என்று அதற்குப் பெயர்.

இரண்டாம் உலகப் போர் தொடங்கிய காலத்தோடு ரட்ஜ் மோட்டார் சைக்கிள் உற்பத்தி நின்றுபோயிற்று. ஆனாலும் அந்த வண்டிகளைத் தேடிப் பிடித்து, துரு நீக்கி, கிடைக்காத பாகங்களைக் கடைசல் பட்டறையில் செய்து மாட்டி, பழைய கம்பீரத்தோடு ஓட்டிப் பார்ப்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். நூறு வருஷத்து வண்டி ஒன்று திரும்பவும் உறுமும்போது அவர்களுக்குக் கிடைக்கும் ஆனந்தத்துக்கு அளவில்லை.

கலங்கல் கிராமத்து இளைஞர் வாங்கிய வண்டி அந்தப் பரம்பரையில் வந்தது.

பிரித்தார், பூட்டினார்

வண்டி கைக்கு வந்ததும் அவர் அதில் ஏறி ஊர் சுற்றப் போகவில்லை. ஒவ்வொரு பாகமாகக் கழற்றினார். பிறகு மறுபடி பூட்டினார். மறுபடி கழற்றினார்.

கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. பார்த்துச் செய்யப் புத்தகம் இல்லை. பெட்ரோல் ஆவியாகிக் காற்றோடு கலப்பது, மின்பொறி பட்டு அது வெடிப்பது, அந்த வேகத்தில் பிஸ்டன் கீழே தள்ளப்படுவது, பிஸ்டனின் ஏற்ற இறக்கம் சக்கரத்தின் சுழற்சியாக மாறுவது, எல்லாவற்றையும் விரலால் தொட்டுத் தொட்டுத் தெரிந்துகொண்டார். தப்பாகப் பூட்டினால் வண்டி ஓடாது. சரியாகப் பூட்டினால்தான் ஓடும். அவருக்கு அந்த வண்டியே வாத்தியார், அதுவே பரீட்சை.

கொஞ்ச நாளில் அவர் நல்ல மெக்கானிக் ஆகிவிட்டார். பழுதான எந்த இயந்திரமும் அவருக்குப் பயம் தரவில்லை.

பம்பாயில் பட்ட அடி

முதல் உலகப் போர் வந்தது. பஞ்சுக்கு நல்ல கிராக்கி. நாயுடு திருப்பூரில் பருத்தி அரவை ஆலை ஒன்றை நடத்தினார். லாபம் கொட்டியது. பணத்தை எடுத்துக்கொண்டு பம்பாய்க்குப் போய்ப் பஞ்சு வியாபாரத்தில் இறங்கினார்.

அங்கே பழம் தின்று கொட்டை போட்ட வியாபாரிகள் இருந்தார்கள். சம்பாதித்ததை எல்லாம் அவர்களிடம் பறிகொடுத்துவிட்டு வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

இயந்திரம் அவருக்கு விளங்கியது, சந்தை விளங்கவில்லை. தமக்கு எது தெரியுமோ அதில் இறங்குவது என்று முடிவு செய்தார்.

ஸ்டேன்ஸ் துரையின் உதவி

கோவையில் அப்போது சர் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயத் தொழிலதிபர் இருந்தார். 1888-இல் கோவையில் நூற்பாலை தொடங்கியவர்களில் முன்னோடி. காபி வியாபாரமும் மோட்டார் வியாபாரமும் அவர் கம்பெனிக்கு உண்டு. நாயுடு அவரிடம் வேலைக்குப் போனார். ஆளின் திறமையைப் பார்த்த ஸ்டேன்ஸ், சொந்தமாக பஸ் ஓட்டும்படி யோசனை சொன்னார். பணத்துக்கும் வழி செய்தார். பாதி பணம் ஸ்டேன்ஸ் தந்த கடன். மீதியை நாயுடு திரட்டினார்.

1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே நாயுடுவின் பஸ் ஓடத் தொடங்கியது. முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே. வழியில் பழுதானால் மெக்கானிக்கும் அவரே.

வழித்தடத்தைத் தேர்ந்தெடுத்ததில் அவருடைய கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. பொள்ளாச்சி சந்தை ஊர். நடுவில் உடுமலைப்பேட்டை. கடைசியில் பழனியாண்டவர் சந்நிதி. வியாபாரியும் வருவார், பக்தரும் வருவார். வருஷம் முழுவதும் கூட்டத்துக்குக் குறைவில்லை.

கடிகாரம் பேசிய பஸ் கம்பெனி

ஒரு பஸ் பல பஸ்களாகப் பெருகியது. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்று பெயர் வைத்தார். யு.எம்.எஸ். என்ற மூன்றெழுத்து கொங்கு நாட்டில் மூலை முடுக்கெல்லாம் பரவியது. நாட்டிலேயே ஒழுங்காக நடக்கும் பஸ் கம்பெனிகளில் ஒன்று என்று பெயர் எடுத்தது.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. பஸ் எப்போது வரும், எப்போது போகும் என்று பயணிகளுக்குத் தெரியும்படி நிலையங்களில் ஏற்பாடு செய்தார். டிக்கெட் கொடுக்க இயந்திரம் வைத்தார். ஓடும் என்ஜினின் அதிர்வைச் சோதித்து, பழுது வரும் முன்பே கண்டுபிடிக்கும் கருவி ஒன்றையும் உருவாக்கினார். வண்டி நடுவழியில் நின்ற பிறகு பழுது பார்ப்பதைவிட, நிற்காமல் பார்த்துக்கொள்வது மேல் என்பது அவர் கண்ட தத்துவம். கலங்கல் சாலையில் அன்று நின்றுபோன ரட்ஜ் வண்டியை அவர் மறக்கவில்லை போலும்.

அதே காலத்தில் திருவனந்தபுரத்தில்

இங்கே திருவிதாங்கூரில் அந்தக் காலத்தில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

மகாராஜா சித்திரைத் திருநாள் பாலராம வர்மாவின் அரசாங்கம், பஸ் போக்குவரத்தைத் தானே நடத்துவது என்று தீர்மானித்தது. லண்டன் போக்குவரத்து நிர்வாகத்தில் வேலை பார்த்த இ.ஜி. சால்ட்டர் என்ற ஆங்கிலேயரை 1937-இல் வரவழைத்தது. இங்கிலாந்திலிருந்து 60 கோமர் சேஸிஸ்கள் பெர்கின்ஸ் டீசல் என்ஜினோடு கப்பலில் வந்து இறங்கின. அவற்றுக்கு உடல் கட்டியவர்கள் உள்ளூர்த் தொழிலாளர்கள். சாக்கையில் இருந்தது பட்டறை.

1938-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ந் தேதி மகாராஜா சேவையைத் தொடங்கி வைத்தார். முதல் பஸ்ஸில் அவரும் அரச குடும்பத்தாரும் பயணம் செய்தார்கள். பஸ்ஸை ஓட்டியவர் சால்ட்டரே. மறு நாள் முதல் திருவனந்தபுரம் – கன்னியாகுமரி சாலையில் அரசாங்க பஸ் ஓடத் தொடங்கியது. படித்த பட்டதாரிகள் பலர் கண்டக்டர்களாகவும் இன்ஸ்பெக்டர்களாகவும் சேர்ந்தார்கள். இன்றைய கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் ஆரம்பம் அதுதான்.

ஒரு பக்கம் ராஜாங்கத்தின் கஜானா, லண்டன் நிபுணர், பட்டதாரி ஊழியர்கள். இன்னொரு பக்கம் மூன்றாம் வகுப்புப் படிப்பு, கடன் வாங்கிய பணம், ஒற்றை பஸ். இரண்டும் மக்களுக்கு நல்லதையே செய்தன. ஆனால் பதினெட்டு வருஷம் முந்திக்கொண்டது பொள்ளாச்சி பஸ்தான்.

மின்சார மோட்டாரும் சவரக் கருவியும்

பஸ்ஸோடு நாயுடு நிற்கவில்லை. 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து கோவை பீளமேட்டில் நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸ் என்ற தொழிற்சாலையை ஏற்படுத்தினார். இந்தியாவில் மின்சார மோட்டார் செய்த முன்னோடித் தொழிற்சாலை அது. கிணற்றில் கமலை ஏற்றம் இறைத்துக்கொண்டிருந்த கொங்கு விவசாயிக்கு மோட்டார் பம்பு கிடைத்தது. கோவை மோட்டார் பம்பு என்றால் நாடு முழுவதும் தனி மதிப்பு ஏற்பட்டதற்கு அங்கே போட்ட அஸ்திவாரமும் ஒரு காரணம். பாலசுந்தரம் பிறகு டெக்ஸ்டூல் கம்பெனியை நிறுவி, தாமும் பெரிய தொழில் மேதையாக விளங்கினார்.

நாயுடு பல தடவை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்வந்தார். போன இடங்களில் கடைத்தெருவைவிடத் தொழிற்சாலைகளையே அதிகம் பார்த்தார். காமிராவும் அவர் கையைவிட்டுப் பிரியாது. 1936 ஜனவரியில் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தாமே படமெடுத்தார். ஜெர்மனியில் ஹிட்லரைச் சந்தித்தார். காந்திஜி, நேரு, சுபாஷ் சந்திர போஸ் ஆகியோரையும் அவர் காமிரா பிடித்து வைத்திருக்கிறது.

சின்ன பாட்டரியில் ஓடும் சவரக் கருவி ஒன்றை அவர் உருவாக்கினார். ரேசன்ட் என்று அதற்குப் பெயர். மிக மெல்லிய சவர பிளேடு, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, மோசடி செய்ய முடியாத வாக்குப்பதிவு இயந்திரம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். ரேடியோ பணக்காரர் வீட்டுப் பொருளாக இருந்த 1941-இல், ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தம்மால் தர முடியும் என்று அறிவித்தார்.

விவசாயத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஆள் உயரத்துக்கும் மேலாகப் பத்தடி வளரும் பருத்திச் செடிகளைத் தம் தோட்டத்தில் வளர்த்துக் காட்டினார்.

முதல்வர் நாற்காலியில்

1944-இல் மோட்டார் தொழிலின் அன்றாட நிர்வாகத்திலிருந்து அவர் ஒதுங்கினார். தொழிலாளர் நலனுக்கும் ஆராய்ச்சி உதவித் தொகைக்கும் பணம் ஒதுக்கினார்.

அடுத்த ஆண்டு அவர் முயற்சியாலும் நன்கொடையாலும் கோவையில் தொழில்நுட்பக் கல்வி நிலையங்கள் தோன்றின. சென்னை மாகாண கவர்னர் சர் ஆர்தர் ஹோப் பெயரில் ஒரு பாலிடெக்னிக்கும் ஒரு என்ஜினீயரிங் கல்லூரியும் அமைந்தன. திருவனந்தபுரம் என்ஜினீயரிங் கல்லூரி 1939-இல் தொடங்கியது; அதற்கு ஆறு வருஷம் கழித்து இது. அந்தக் கல்லூரிக்கு முதல்வராக அமர்ந்தவர் மூன்றாம் வகுப்பு வரை படித்த ஜி.டி. நாயுடு.

நாற்காலி கிடைத்ததும் அவர் சும்மா உட்காரவில்லை. என்ஜினீயரிங் படிப்புக்கு நாலு வருஷம் எதற்கு என்று கேட்டார். விடுமுறையைக் குறைத்து, தினமும் கூடுதல் நேரம் வேலை செய்தால் இரண்டு வருஷமே தாராளம் என்பது அவர் கட்சி. கழற்றிப் பூட்டிக் கற்றவருக்கு நாலு வருஷம் வீண் செலவாகவே தோன்றியது. அரசாங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. நாயுடு விலகிக்கொண்டார்.

அவர் சொன்னது முழுவதும் சரியா என்பதில் அபிப்பிராய பேதம் இருக்கலாம். பாலம் கட்டவும் அணை கட்டவும் கணக்கும் விஞ்ஞானமும் ஆழமாகத் தெரிய வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும். ஆனால் கையில் ஸ்பானர் பிடிக்காமலே பட்டம் வாங்கிவிடலாம் என்ற நிலையை அவர் எதிர்த்தார் என்பதை யாரும் மறுக்க முடியாது. அந்தக் கல்லூரி இன்று கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்ற பெயரில் நடந்துவருகிறது.

ஓடாமல் நின்ற கார்

1952-இல் நாயுடு இன்னொரு காரியம் செய்தார். இரண்டு பேர் உட்காரும் சிறிய பெட்ரோல் கார் ஒன்றைச் செய்து வெளியே கொண்டுவந்தார். விலை 2,000 ரூபாய்.

சாதாரண குமாஸ்தாவும் சின்ன வியாபாரியும் ஒரு நாள் சொந்தக் காரில் போகலாம் என்ற ஆசைக்கு அது வழிகாட்டியது. ஆனால் கார் செய்தால் மட்டும் போதாது. அதைப் பெருமளவில் உற்பத்தி செய்ய அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். புதிய தொழில்களுக்கு லைசென்ஸ் கட்டாயம் என்ற சட்டம் 1951-இல் வந்திருந்தது. நாயுடுவின் காருக்கு லைசென்ஸ் மறுக்கப்பட்டது. கார் அத்தோடு நின்றுபோயிற்று.

அந்தக் காலத்தில் இந்தியச் சாலைகளில் ஓட அனுமதி பெற்ற கார்கள் எவை என்று பார்த்தால் நிலைமை விளங்கும். கல்கத்தா பக்கத்தில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்தது இங்கிலாந்தின் மாரிஸ் காரின் வடிவம். அதுவே பின்னாளில் அம்பாசிடர் ஆயிற்று. பம்பாயில் இத்தாலியின் பியட். சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி செய்தது காவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு கார்.

ரட்ஜ் வண்டி பிறந்த அதே காவென்ட்ரிதான். சென்னைக்காரர்கள் பிறகு 1961-இல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைக் கொண்டுவந்தார்கள். அதன் மூலம் இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு. அந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் 1962-இல் ஸ்பிட்பயர் என்ற இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தது டிரையம்ப் கம்பெனி. உலகம் முழுவதும் பழைய கார் பிரியர்கள் இன்றும் அதைப் பழுது நீக்கி, பெயிண்ட் அடித்து, கண்ணுக்குக் கண்ணாகப் போற்றுகிறார்கள்.

அந்நிய நாட்டு வரைபடத்தை வைத்துச் செய்த கார்களுக்கு அனுமதி கிடைத்தது. கோவைக்காரர் தாமே செய்த இருவர் காருக்குக் கிடைக்கவில்லை. ஒரு மாதிரிக் காரைச் செய்வது வேறு, ஆயிரக்கணக்கில் செய்து, பாகங்கள் தந்து, பழுது பார்த்துக் கொடுப்பது வேறு என்று அதிகாரிகள் தரப்பிலும் நியாயம் சொல்லலாம். பெரிய மூலதனம் உள்ள சில கம்பெனிகளுக்கு மட்டும் இடம் கொடுப்பது என்பது அந்நாளைய கொள்கை. ஆனால் ஓடிப் பார்க்கவே வாய்ப்புத் தராமல் ஒரு வண்டியை நிறுத்திவிட்டால், அது ஓடியிருக்குமா, ஓடியிருக்காதா என்பதை யாருமே தெரிந்துகொள்ள முடியாது. அந்த நஷ்டம் நாயுடுவுக்கு மட்டும் ஏற்பட்டதல்ல.

உடைத்துக் காட்டிய கோபம்

லைசென்ஸ், வரி, அனுமதி என்று அரசாங்கத்தோடு அவருக்கு ஓயாத தகராறு. வரிக் கொள்கையை எதிர்த்து, தாம் பாடுபட்டு உருவாக்கிய பொருள்களைப் பொதுமக்கள் முன்னிலையில் தாமே உடைத்துக் காட்டினார். நாடே அதிர்ந்தது. அவரிடம் மதிப்பு வைத்திருந்தவர்களே அது தகாது என்று வருத்தப்பட்டார்கள்.

பெற்ற பிள்ளையை யாரும் அடித்து வீழ்த்துவதில்லை. ஒவ்வொரு பாகத்தையும் பொறுமையாகக் கழற்றிப் பூட்டிய கைகள், உடைக்கும் அளவுக்குக் கோபம் கொண்டன என்றால், உள்ளே இருந்த வேதனை எவ்வளவு என்பதை ஊகிக்கலாம். ஆனாலும் உடைந்த பொருள் திரும்பவில்லை, சட்டமும் மாறவில்லை. அவருடைய வாழ்க்கையில் வருத்தத்தோடு படிக்க வேண்டிய பகுதி இது.

அதற்குப் பிறகும் அவர் சோர்ந்து உட்காரவில்லை. சிறுவர்களும் இளைஞர்களும் இயந்திரங்களைக் கண்ணால் பார்த்து, கையால் இயக்கித் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையில் கோவை அவினாசி சாலையில் பொருட்காட்சி அமைந்தது. 1967 முதல் அது தொழிற்பொருட்காட்சியாக நடந்தது.

மறைவும் நினைவும்

1974-ஆம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி, தமது எண்பதாவது வயதில் ஜி.டி. நாயுடு காலமானார்.

அவர் குடும்பத்தார் 2015-இல் அதே அவினாசி சாலையில் கார் அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தார்கள். பிரிட்டன், ஜெர்மனி, பிரான்ஸ், அமெரிக்கா என்று பல நாட்டுப் பழைய கார்கள் புதுமெருகோடு வரிசையாக நிற்கின்றன. 2025 அக்டோபரில் அந்தச் சாலையின் மேல் 10 கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டிய மேம்பாலத்துக்குத் தமிழக அரசு ஜி.டி. நாயுடு பெயரைச் சூட்டியது. வண்டி ஓட்டியே வாழ்க்கையைத் தொடங்கியவருக்கு, வண்டிகள் ஓடும் பாலத்தின் பெயர் பொருத்தம்தான்.

கேரளத்திலிருந்து பாலக்காடு வழியாகக் கோவைக்குப் போகும் நம்மவர்கள், வேலை முடிந்து ரயிலுக்குக் கொஞ்சம் நேரம் இருந்தால் அவினாசி சாலைப் பக்கம் போய்வரலாம். பிள்ளைகளையும் அழைத்துப் போகலாம். கண்ணாடிபோல் பளபளக்கும் பழைய கார்களைப் பார்க்கும்போது, அவற்றின் விலையைப் பற்றிப் பேச்சு வரும். வேகத்தைப் பற்றிப் பேச்சு வரும்.

அதோடு, ஓட்டலில் இலை எடுத்த காசில் மூன்று வருஷம் சேர்த்து ஒரு பழைய வண்டியை வாங்கி, அதை ஓட்டிப் பார்க்கும் முன்பு கழற்றிப் பார்த்த ஓர் இளைஞரைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். வீட்டுக்கு வந்த பிறகு பிள்ளை பழைய கடிகாரத்தையோ ரேடியோவையோ கழற்றிப் போட்டால், உடனே கையை ஓங்காமல், திரும்பப் பூட்டச் சொல்லிப் பார்க்கலாம்.